துரைக்கு எதற்குச் சிரிப்பு

செட்ரிக் பார்லோ முதல் தடவை செத்தது பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு புளியமரத்தடியில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவில், நெஞ்சில் ஒரு தக்கை ஈட்டி செருகியபடி. அதற்கு முன்பு அவர் வாழ்நாள் முழுக்க ரயிலில் கார்டாக இருந்து, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் மாற்றி மாற்றிக் காட்டி, ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபடாமல் ஓய்வு பெற்று, போத்தனூர் ரயில்வே காலனிக்குப் பின்னால் ஓட்டு வீடொன்றில் மனைவி மேவிஸோடும் நாலைந்து வாத்துகளோடும் அமைதியாக இருந்தவர். பாட்டனார் வழியில் வந்த நீலக் கண்ணும், வெயிலில் சிவக்கும் தோலும், ஆறடி உயரமும் அதுவரை அவருக்கு எந்த உபயோகமும் இல்லாதவையாகவே இருந்தன. பொள்ளாச்சிப் பக்கம் டிவி தொடர் எடுக்க வந்த ஒரு கம்பெனிக்கு அவசரமாக ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் தேவைப்பட்டபோது, யாரோ வழிகாட்டி, டைரக்டர் மாசிலாமணி கார் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம், நின்னா போதும்" என்றார்.

நின்றால் மட்டும் போதவில்லை. செட்ரிக் பேசிய தமிழ் போத்தனூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்பவர் பேசும் தமிழ், "ஏனுங்க, வரி கட்டிப்போட்டுப் போறதுக்கென்னங்க?" என்று அவர் விவசாயியை மிரட்டியதைக் கேட்டு கேமராமேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கொச்சையாப் பேசுங்க சார், துரை மாதிரி" என்று மாசிலாமணி கெஞ்ச, தன் சொந்த பாஷையை உடைத்து உடைத்துப் பேச செட்ரிக் இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். பிறகு அவர் ஜனங்களைச் சாட்டையால் அடித்தார், கதிர்களைக் கொளுத்தச் சொன்னார், கடைசியில் பாளையக்காரரின் ஈட்டியை வாங்கிக்கொண்டு புளியமரத்தடியில் சரிந்தார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது சாகிற காட்சியை எடுத்தால், முடிந்தவுடன் கேமராவை நிறுத்தாமல், செத்தவரை எழுந்து உட்காரச் சொல்லி, லென்ஸைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு எந்த டிவியிலும் வராது, யாருக்கும் காட்ட மாட்டார்கள், ஆனால் அதை எடுக்காமல் விட்டால் சாவு நடிப்போடு நிற்காது என்று பயம். பாளையக்காரரின் அப்பா செத்தபோது சிரிக்க வைத்தார்கள், தங்கச்சி கிணற்றில் விழுந்தபோது சிரிக்க வைத்தார்கள், ஒரே நாள் கூலிக்கு வந்து பட்டினியில் செத்த குடியானவனைக்கூடச் சிரிக்க வைத்தார்கள். செட்ரிக்கும் சரிந்து கிடந்தபடியே அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார். உதவி டைரக்டர் ஞாபகப்படுத்தியபோது மாசிலாமணி, "துரைக்கெல்லாம் எதுக்குய்யா சிரிப்பு? வெளிச்சம் போகுது, அடுத்த ஷாட்டுக்கு வாங்க" என்றார். செட்ரிக் எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த புளியம்பழ ஓடுகளைத் தட்டிவிட்டு, காபி குடிக்கப் போனார்.

அந்தக் காட்சி டிவியில் வந்த மறுநாள் காலையில், போத்தனூர் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்த காவல்காரர் சின்னப்பன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு பங்குத் தந்தை இன்னாசியிடம் ஓடினார்.

"ஃபாதர், புதுசா ஒரு பழைய கல்லறை வந்துருக்குதுங்க" என்றார்.

அது உண்மையிலேயே பழையதாக இருந்தது. பாசி படிந்து, ஒரு மூலை உடைந்து, பல மழைக்காலம் பார்த்த கல். அதில், வரி வசூலித்த கலெக்டர் ஹாரிங்டன் இங்கே துயில்கிறார் என்று இங்கிலீஷில் செதுக்கியிருந்தது. சின்னப்பனுக்கு அதில் ஆச்சரியத்தைவிட அலுப்பே அதிகம், ஏனென்றால் தினமும் கூட்ட வேண்டிய கல் ஒன்று கூடிவிட்டது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஃபாதர் தோண்டச் சொன்னார். தோண்டினார்கள், பெட்டி ஒன்று இருந்தது, நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், ஆறடி ஆளின் கனம் கனத்தது, திறக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்ப இறக்கி, மண் தள்ளி, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வந்தார்கள். கலெக்டர் கத்தோலிக்கரே இல்லையே என்று பங்குப் பேரவையில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். தானாக வந்தவரை விருந்தாளியாகத்தான் பார்க்க வேண்டும் என்று ஃபாதர் தீர்ப்புச் சொல்ல, அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

முதலில் ஜனங்கள் அந்தக் கல்லைத் திட்டுவதற்குத்தான் வந்தார்கள். எங்கள் ஆட்களைச் சாட்டையால் அடித்தாயே, நாசமாய்ப் போனவனே என்று மண்ணை வாரித் தூற்றினார்கள், செருப்பைக் காட்டினார்கள். அப்படித் திட்டிவிட்டுப் போன ஒருத்தருக்கு, ஆபீஸ் ஆபீஸாக அலைந்தும் கிடைக்காத நிலப் பட்டா அடுத்த வாரமே கைக்கு வந்துவிட, அவர் வந்து ஒரு சுருட்டும் கால் பாட்டில் பிராந்தியும் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. டீக்கடை கருணாம்பிகா வெள்ளிக்கிழமைதோறும் சுருட்டோடு ஒரு ஆம்லெட்டும் கொண்டுவந்து வைத்தாள், மிளகு தூக்கலாக, துரைமார்களுக்குக் காரம் ஆகாதென்று பச்சை மிளகாய் போடாமல்.

செட்ரிக்கின் தொழில் அதற்குப் பிறகு சூடு பிடித்தது. எந்தத் தொடரிலும் ஒரு வெள்ளைக்காரன் இருந்தான், அவன் செத்தாக வேண்டியிருந்தது, அவனை யாரும் சிரிக்க வைக்கவில்லை. கேப்டனாகி யானைக் காலடியில் செத்தார், அந்தக் கல்லறை வாசலுக்குப் பக்கத்தில் வந்தது. ஜட்ஜாகி ஒரு தாயின் சாபத்தில் ரத்தம் கக்கிச் செத்தார், எஸ்டேட் முதலாளியாகி மலையிலிருந்து உருண்டு செத்தார், ஊசி போட வந்த டாக்டராகி ஊசியைக் கண்டு மிரண்ட ஜனத்தின் கையாலேயே செத்தார், இப்படி அவர் செத்துச் செத்துப் பிழைத்தார், கல்லறைத் தோட்டம் வரிசை வரிசையாக நிறைந்துகொண்டே வந்தது. ஊர்க்காரர்கள் அவர்களுக்குள் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்: பட்டா விஷயமென்றால் கலெக்டர், போலீஸ் வேலைக்குக் கேப்டன், கோர்ட்டுக் கேஸுக்கு ஜட்ஜ், பிள்ளைகளின் காய்ச்சலுக்கு டாக்டர். எஸ்டேட் முதலாளிக்கு மட்டும் என்ன பொறுப்பு என்று வெகுநாள் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு அவரை வேலைக்காரர்களுக்கு லீவு வாங்கித் தருபவராக வைத்துக்கொண்டார்கள்.

செட்ரிக்குக்கு இதிலெல்லாம் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் தன் கல்லறைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கேப்டனுடைய வயது இருபத்தொன்பது என்று செதுக்கியிருந்ததைத் தடவிப் பார்த்துக்கொள்வார். சுருட்டு வைக்க வந்தவர்கள் அவரை விலகி நிற்கச் சொல்வார்கள். தொப்பியும் பூட்ஸும் இல்லாமல் யாருக்கும் அவரை அடையாளம் தெரியாது. அவரும் விலகி நிற்பார்.

மேவிஸ் மட்டும் அந்தச் சுற்றில் கலந்துகொள்வதில்லை. அவள் நேரே கீழ்ச் சுவரோரம் பூவரச மரத்தடிக்குப் போய்விடுவாள். அங்கே அவர்களுடைய மகள் ரோஸ்லின் இருந்தாள். நாலு வயதில், ஒரு மழைக்காலத்தில், செட்ரிக் ஈரோட்டுப் பக்கம் வண்டியில் போயிருந்த நேரத்தில் காய்ச்சலில் போய்விட்ட பிள்ளை. அந்தச் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவு புல்தரை இருந்தது. அது மேவிஸின் இடம். ஃபாதருக்கு முந்தைய ஃபாதருக்கும் முந்தையவர் அவளுக்கு வாக்குக் கொடுத்த இடம். அதில் அவள் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபடி, தான் படுக்கப்போகும் இடத்தில் உட்கார்ந்து, படுத்திருக்கும் பிள்ளைக்கு வாத்துகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கல்லறைகள் வாசலிலிருந்து அந்தப் பூவரசை நோக்கி நகர்ந்துவந்தன. குதிரையிலிருந்து விழுந்து செத்த இன்ஸ்பெக்டர் வந்த வாரத்தில், மேவிஸின் நாற்காலிக்கு எதிரே ஒரு கல், இடப்பக்கம் ஒரு கல் என்றாகி, தோட்டம் முழுக்க அந்த ஒரு புல்தரைதான் மிச்சமாயிற்று. இனிமேல் பங்கில் யார் செத்தாலும் பைபாஸுக்கு அந்தப் பக்கம் புதுத் தோட்டத்தில்தான் அடக்கம் என்று ஃபாதர் பூசையில் அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கள் பாட்டன் பாட்டிகளுக்கு நடுவே முன்பின் தெரியாத துரைமார்கள் படுத்திருப்பதையே ஏற்றுக்கொண்டவர்களுக்கு பைபாஸைத் தாண்டுவது பெரிய விஷயமாக இல்லை.

அந்த மாதத்தில்தான் டாக்டர் மேவிஸின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறக்கூடாது என்றார். அவர்கள் வீட்டில் மாடி கிடையாது. ஆனாலும் மேவிஸுக்குப் புரிந்தது.

"இனிமே நீ சாகக்கூடாது மேன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "இன்னும் ஒரு தடவை செத்தா என் எடம் போயிரும். இந்த விளையாட்டு போதும் செட்ரிக்."

"சரி" என்றார் செட்ரிக்.

"நீ எத்தனையோ தடவை அடக்கம் ஆயிட்டே. நான் ஒரு தடவைதான். அது ரோஸ்லின் பக்கத்துலதான்."

"சரின்னுட்டேனே, மேவிஸ்."

சொன்னபடியே நடந்தார். ஒரு கவர்னரை வேண்டாமென்றார், ஒரு கப்பல் கேப்டனை வேண்டாமென்றார், சாகாத துரை வேஷம் இருந்தால் சொல்லுங்கள் என்றார், அப்படியொன்று யாரிடமும் இல்லை. வாத்துகளுக்குத் தவிடு பிசைந்தார். சாயங்காலங்களில் டிவி முன்னால் உட்கார்ந்து, கோயம்புத்தூரிலிருந்து பிடித்து வந்த எவனோ ஒருவன் செம்பட்டைத் தலைமுடி ஒட்டிக்கொண்டு அரைகுறையாகச் சாவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் மாசிலாமணி மறுபடியும் வந்தார், இந்த முறை பழக்கூடையோடு. ஒரு பெரிய தொடர், வானம் பார்த்த பூமிக்குக் கால்வாய் வெட்டித் தந்த இன்ஜினியர் வால்டர் துரையின் கதை, கதாநாயகனே துரைதான், சாட்டை கிடையாது, கொச்சை கிடையாது, உங்கள் தமிழிலேயே பேசலாம். ஜனங்களோடு கூழ் குடித்து, மண் சுமந்து, கடைசியில் கால்வாயில் தண்ணீர் வருகிற அன்றைக்கு மலேரியாவில் கண் மூடுகிறார், ஊரே மாரில் அடித்துக்கொண்டு அழுகிறது.

செட்ரிக் பழக்கூடையை வாங்கி வைத்துக்கொண்டார். மாசிலாமணி போனதும், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மேவிஸிடம் போய், "இத்தன வருஷமா செத்திருக்கேன், ஒருத்தராவது அழுதிருக்காங்களா, மேவிஸ்?" என்றார். "ஈட்டி குத்துனா கைதட்டுறாங்க. யானை மிதிச்சா விசிலடிக்கிறாங்க. ஒரே ஒரு தடவை, யாராச்சும் அழுவுறதைக் கேக்கணும்னு இருக்குது."

ஆசைதான். வயதானவரின் வெட்கம் கெட்ட, பச்சையான ஆசை. மேவிஸ் தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள், கிளிப் மாட்டினாள், இன்னொன்றை எடுத்து உதறினாள்.

"மத்தவங்களையெல்லாம் சிரிக்க வைக்கிறாங்கல்ல, உன்னை மட்டும் ஏன் மேன் விட்டுட்டாங்க?"

"துரைக்கு எதுக்குன்னாங்க."

"இவரு நல்ல துரை. கேட்டு வாங்கு. நானும் வரேன். அந்தச் சிரிப்பை என் கண்ணால பாக்காம நான் ஷூட்டிங் எடத்தை விட்டு அசைய மாட்டேன்."

செட்ரிக் கேட்டார், மாசிலாமணி ஒத்துக்கொண்டார். கடைசிக் காட்சி எடுத்த அன்று, மேவிஸ் ஒரு குடையும் கைப்பையுமாக கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். செட்ரிக் அன்று செத்ததுபோல் அதற்கு முன் செத்ததில்லை. கயிற்றுக் கட்டிலில் கிடந்து, தூரத்தில் வரும் தண்ணீரின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, "வந்துருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார். கூலிக்கு அழ வந்த பெண்கள் நிஜமாகவே அழுதார்கள்; சோறு பரிமாறும் ஆள் அழுதார்; மாசிலாமணி கட் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்.

"சார், சிரிங்க" என்றார் உதவி டைரக்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

செட்ரிக் எழுந்து உட்கார்ந்தார். சுற்றி எங்கே பார்த்தாலும் தனக்காக நனைந்த முகங்கள். வாயை இழுத்துப் பார்த்தார், உதடு கோணிக்கொண்டு அழுகைதான் வந்தது. "சிரிங்க சார், கேமரா ஓடுது" என்று கெஞ்சினார்கள். அவரால் முடியவில்லை. மறுபடியும் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

மேவிஸ் கைப்பையைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடிக்கும் மாத்திரைக்கும் நடுவில் துழாவி, செட்ரிக்கின் பழைய கார்டு விசிலை எடுத்தாள். கல்யாணமான புதிதில், திருப்பூரில் நின்ற வண்டியில் செட்ரிக் தூங்கிப்போக, பிளாட்பாரத்தில் நின்ற அவள் இந்த விசிலை ஊதித்தான் எழுப்பினாள். பதறி எழுந்தவர் கொடிக்குப் பதிலாக அவளுடைய பச்சை ஸ்கார்ஃபைப் பிடுங்கி ஆட்ட, வண்டியும் கிளம்பிவிட்டது. இப்போதும் அவள் கன்னம் உப்ப ஊதினாள். செட்ரிக் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து, வலது கையை உயர்த்தி, இல்லாத கொடியை ஆட்டினார். ஆட்டிவிட்டு மேவிஸைப் பார்த்தார், அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து, பொய்ப்பல் தெரிய, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். கேமராவில் அது முழுதாகப் பதிந்தது.

அந்தக் காட்சி டிவியில் வந்த இரவு போத்தனூரே அழுதது. மறுநாள் விடிந்ததும் சின்னப்பன் பூவரச மரத்தடிக்கு ஓடினார். புல் மட்டும் இருந்தது, பனியோடு. மேவிஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வழக்கத்தைவிட ஒரு கப் டீ கூடுதலாகக் குடித்தாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது. கருணாம்பிகா தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, இந்தத் துரைக்குச் சுருட்டு வேண்டாம் என்று பால் சொம்பும் கற்பூரமுமாக வந்து, தோட்டம் முழுக்கத் தேடி, ஃபாதர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எங்க வால்டர் தொரை எங்கீங்க சாமி?"

"அவர் வரலையம்மா" என்றார் ஃபாதர்.

"அதெப்படீங்க? அடிச்சவனுக்கு இருக்குது, கொளுத்துனவனுக்கு இருக்குது, தண்ணி கொண்டாந்தவருக்கு இல்லீங்களா? இது எந்த ஊரு நாயமுங்க?"

கலெக்டரை விருந்தாளி என்று ஏற்றுக்கொண்டவர் நல்லவரை எப்படி வேண்டாமென்பது? வராத துரையை வரவழைப்பதென்று தெரு முடிவு செய்தது. கல் வாங்கினார்கள், செதுக்கினார்கள், தோட்டத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தில் தாங்களே நட்டார்கள். அந்த வாரம் மேவிஸ் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள், செட்ரிக் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தார். இருவருக்கும் எதுவும் தெரியாது.

திரும்பி வந்து பார்த்தபோது, ரோஸ்லினுக்குப் பக்கத்தில், தமிழில், தண்ணீர் தந்த தெய்வம் வால்டர் துரை என்று எழுதிய கல் மஞ்சளும் பூவுமாக நின்றது. செட்ரிக் வாழ்க்கையில் முதல்முறையாக, சாட்டை இல்லாமல், உண்மையாகக் கோபப்பட்டார். டீக்கடைக்குப் போய், "அது என் சம்சாரத்தோட எடமுங்க, எடுத்துப்போடுங்க" என்று கத்தினார்.

கருணாம்பிகா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் திமிர் இல்லை. "தெரியாமப் பண்ணிப்போட்டோமுங்க" என்றாள். "ஆனா சாமின்னு உக்கார வெச்சதுக்கப்புறம் எந்தக் கையில எடுக்கறதுங்க? நீங்களே சொல்லுங்க."

செட்ரிக் வீட்டுக்கு வந்து, மேவிஸின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாம் தன் ஆசையால் வந்த வினை என்று அழுதார். மேவிஸ் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்லுக்குக் கீழ யாரு இருக்கா மேன்?"

"யாரும் இல்ல. இவங்களே நட்ட கல்லுதானே."

"பெட்டி?"

"பெட்டியும் இல்ல. வெறும் மண்ணு."

"அப்புறம் என்ன? மேல அந்த ஆளு இருந்துட்டுப் போகட்டும். நான் கீழதானே படுக்கப்போறேன்" என்றாள் மேவிஸ். பிறகு, "நல்ல ஆளுதான். தண்ணியெல்லாம் கொண்டாந்தானே" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடுக்க அங்கே கேமரா எதுவும் இல்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அவள் போனாள். கருணாம்பிகாவும் தெருப் பெண்களும் வந்து, கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டு, தாங்களே அதைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்துவைத்தார்கள். சின்னப்பன் குழி வெட்டினார். அடக்கம் முடிந்து மண் மூடியதும் பெண்கள் கல்லைத் திரும்ப நிறுத்தினார்கள், நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் கலைந்து போனார்கள். செட்ரிக் மட்டும் போகவில்லை. அவர் தொழிலில் காட்சி முடிந்தபின் இன்னும் ஒன்று பாக்கி இருக்கும், அதற்காக அவர் நின்றார், வெயில் ஏறும்வரை நின்றார்.

மாசிலாமணி துக்கம் கேட்க வந்தார். ஒரு மாதம் கழித்து ஒரு வைஸ்ராய் வேஷத்தோடு வந்தார். "இப்போ சிரிப்பு எடுக்காம விட மாட்டோம் சார்" என்றார். செட்ரிக், "அது இனிமே வராதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் கற்பூரத் தட்டோடு வந்தார்கள். செட்ரிக் பூவரசில் சாய்ந்து நின்றிருந்தார். கருணாம்பிகா தீக்குச்சியை எடுத்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். நீளமாக, வண்டியைக் கிளப்புகிற மாதிரி ஊதினார். ஊதிவிட்டு மண்ணைப் பார்த்தபடி காத்திருந்தார். கருணாம்பிகா குச்சியை உரசாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், மற்றவர்களும் எதற்கென்று தெரியாமலே நின்றார்கள். மேவிஸ் எழுந்து உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து செட்ரிக் தலையை ஆட்டினார், கற்பூரத்தை ஏற்றினார்கள்.

அது அப்படியே வழக்கமாகிவிட்டது. அவர் ஊதாமல் அங்கே பூஜை தொடங்குவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலில் கிடந்து அவர் வரத் தாமதமானபோது, வெயிலில் பிள்ளைகள் சிணுங்க, பால் திரிந்துபோக, பெண்கள் ஒருவரும் போகாமல் இருந்தார்கள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார், மூச்சு வாங்கினார், ஊதினார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, வழக்கம்போல, அந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.